எல்லை பொது, சுமை தனி

(ஐரோப்பாவின் எல்லைக் கொள்கை குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் எல்லை. நாட்டுக்கு நாடு காவல் சாவடி வைப்பதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டு ஏறத்தாழ 45 கோடிப் பேர் வாழும் நிலப்பரப்பு அங்கே இருக்கிறது. அதன் விளிம்பில், மத்தியதரைக் கடலில், 2014 முதல் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போயிருக்கிறார்கள் என்று ஐ.நா.வின் குடிபெயர்வு அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் அந்தச் சுதந்திரமும் விளிம்பில் நேரும் இந்தச் சாவும் ஒரே ஏற்பாட்டிலிருந்து வருகின்றன. அந்த ஏற்பாடு எப்படி உருவானது, எங்கே கோணலானது, எப்படி நிமிர்த்தலாம் என்பதே என் பேச்சு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே மக்கள் தடையில்லாமல் நடமாட வேண்டுமானால் வெளி எல்லைக்குக் காவல் வேண்டும். அந்தக் காவல் நிலைக்க வேண்டுமானால், எல்லையில் வந்து இறங்குகிறவர்களின் பொறுப்பை எல்லா நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பங்கீடு இல்லாமல் போனால் காவலும் கெடும், நடமாட்டமும் கெடும். அகதிகளோடு தோழமை என்பது இந்த ஏற்பாட்டின் மேல் தூவும் கருணை அல்ல, அதுதான் அஸ்திவாரம்.

ஆற்றங்கரையில் ஒரு கையெழுத்து

லக்சம்பர்க் நாட்டில், மொசெல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஷெங்கன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை ஜெர்மனி. ஊருக்குத் தெற்கே பிரான்ஸ். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற ‘பிரின்செஸ் மரி-அஸ்ட்ரிட்’ என்ற பயணக் கப்பலில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள், தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாகக் கைவிடுவதாகக் கையெழுத்திட்டன.

இதற்கு உந்துதல் வந்தது லாரி ஓட்டுநர்களிடமிருந்து. 1984 பிப்ரவரியில், சுங்கச் சாவடிகளில் காத்துக் காத்து நொந்துபோன ஓட்டுநர்கள் பிரான்ஸின் சாலைகளை மறித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் தங்கள் எல்லையில் சோதனையைத் தளர்த்த சார்ப்ரூக்கனில் உடன்பாடு கண்டன. இரண்டு உலகப் போர்களில் பிணக்குவியலான எல்லை அது. அங்கே சோதனைக் கம்பத்தைத் தூக்கிவிட்டது சாதாரணச் செயல் அல்ல.

1995 மார்ச் 26 அன்று ஷெங்கன் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நார்வேயும் சுவிட்சர்லாந்தும்கூட. 2007இலேயே ஒன்றியத்தில் சேர்ந்துவிட்ட ருமேனியாவும் பல்கேரியாவும் தரைவழி எல்லைச் சோதனையிலிருந்து விடுபட 2025 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே நுழைய அவ்வளவு ஆவல் ஏன் என்பதை அன்றாட வாழ்க்கையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து டிராம் வண்டி 2017 முதல் ரைன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகரம் வரை போகிறது. காய்கறி, சோப்பு, பற்பசை வாங்கப் பை எடுத்துக்கொண்டு வெளிநாடு போய்த் திரும்புகிறார்கள். லக்சம்பர்க்கில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் காலையில் பக்கத்து நாட்டிலிருந்து வந்து மாலையில் வீடு திரும்புகிறவர்கள். இவர்களுக்கு எல்லைச் சோதனை மீண்டும் வருவது என்றால், தினம் இரண்டு முறை வரிசையில் நிற்பது.

ஷெங்கனின் பலன் பணக்காரர்களின் விமானப் பயணத்துக்கு மட்டுமானது என்று நினைக்க வேண்டாம். செவிலியர், கட்டடத் தொழிலாளி, லாரி ஓட்டுநர் என்று உழைக்கும் மனிதர்களின் சொத்து அது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையோடுதான் பேசுகிறேன்.

நான்கு நாள் இடைவெளி

உள்ளே சோதனை இல்லை என்றால், ஒருவர் எந்த வாசலில் நுழைந்தாலும் எல்லா வீட்டுக்கும் வந்த மாதிரிதான். கிரேக்கத்தின் தீவில் கால் வைத்தவர் ஸ்டாக்ஹோம் வரை போகலாம். ஆகவே ஒவ்வொரு நாட்டின் வெளி எல்லையும் எல்லா நாட்டுக்கும் எல்லையாகிவிடுகிறது. இதை உணர்ந்து நாடுகள் 1990 ஜூனில் இரண்டு ஆவணங்களில் கையெழுத்திட்டன. ஜூன் 19 அன்று, ஷெங்கன் உடன்பாட்டைச் செயல்படுத்தும் ஒப்பந்தம். அதற்கு நான்கு நாள் முன்னதாக, ஜூன் 15 அன்று, டப்ளின் ஒப்பந்தம்.

டப்ளின் ஒப்பந்தம் கேட்ட கேள்வி: தஞ்சம் கேட்டு வருகிறவரின் விண்ணப்பத்தை எந்த நாடு விசாரிப்பது? குடும்பத்தினர் எங்கே இருக்கிறார்கள், எந்த நாடு விசா கொடுத்தது என்ற அளவுகோல்கள் முதலில் வரும். அவை பொருந்தாவிட்டால், அனுமதியில்லாமல் எந்த நாட்டில் முதலில் கால் வைத்தாரோ அந்த நாடே பொறுப்பு. படகில் வருகிறவர்களிடம் விசா இருக்காது. ஆகவே பெரும்பாலும் விதி ஒன்றுதான்: வந்து இறங்கிய கரை யாருடையதோ, பொறுப்பு அவருடையது. 2003 முதல் யூரோடாக் என்ற கைரேகைத் தரவுத்தளமும் வந்துவிட்டது. இத்தாலியில் விரல் பதித்தவர் ஜெர்மனியில் விண்ணப்பித்தால் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லை பொது, சுமை தனி என்று நான் தலைப்பிட்டது இதைத்தான். உள்நடமாட்டத்தின் லாபம் 29 நாடுகளுக்கும். வெளி எல்லையின் பாரம் கிரேக்கம், இத்தாலி, மால்டா, ஸ்பெயின், சைப்ரஸ் போன்ற சிலருக்கு. அதிலும் சைப்ரஸ் இன்னும் ஷெங்கனில் சேரவே இல்லை.

அநியாயமாகச் சுமத்தப்பட்ட பொறுப்பை யார் ஒழுங்காகச் செய்வார்கள்? கரையோர நாடுகள் விரல் ரேகை எடுக்காமல் வடக்கே அனுப்பிவைத்தன. சில இடங்களில், வருகிறவர்கள் தங்க விரும்பாதபடி முகாம்களைக் கேடாக வைத்திருந்தன. 2011 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஓர் ஆப்கானியரை பெல்ஜியம் கிரேக்கத்துக்குத் திருப்பி அனுப்பிய வழக்கில் இரு நாடுகளையும் கண்டித்தது. கிரேக்கத்தில் அவர் பட்டது மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தை. அது தெரிந்தே அனுப்பியது பெல்ஜியத்தின் குற்றம் என்பது தீர்ப்பு.

கடலில் நடந்தது

லாம்பெடூசா இத்தாலியின் தீவு. சிசிலியைவிடத் துனிசியாவுக்கு அருகில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 6,000. 2013 அக்டோபர் 3 விடியற்காலையில், லிபியாவின் மிஸ்ராட்டாவிலிருந்து 500-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிவந்த படகின் எஞ்சின் கரைக்கு மிக அருகில் நின்றுபோனது. கரையில் இருப்பவர்களின் கவனத்தை ஈர்க்க ஒருவர் போர்வையைக் கொளுத்திக் காட்டினார். தீ பரவியது. மக்கள் ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள், படகு கவிழ்ந்தது. 360-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் எரித்ரியர்கள்.

இரண்டு வாரத்தில் இத்தாலி ‘மாரே நோஸ்ட்ரம்’ என்ற மீட்புப் பணியைத் தொடங்கியது. கடற்படைக் கப்பல்கள் லிபியக் கரைக்கு அருகில்வரை போய்த் தேடின. ஓராண்டில் சுமார் ஒன்றரை லட்சம் பேரைக் காப்பாற்றின. மாதச் செலவு ஏறக்குறைய 90 லட்சம் யூரோ. செலவைப் பங்கிட வாருங்கள் என்று இத்தாலி மற்ற நாடுகளை அழைத்தது. அவர்கள் கொடுத்த பதில், 2014 நவம்பரில் வந்த ‘ட்ரைட்டன்’. மூன்றில் ஒரு பங்குச் செலவு. கரையிலிருந்து 30 கடல் மைல் வரைதான் ரோந்து. முதன்மை வேலை எல்லைக் கண்காணிப்பு. மீட்பு இருக்கிறது என்பதால்தான் ஆட்கள் வருகிறார்கள், அதை நிறுத்தினால் நின்றுவிடுவார்கள் என்று சிலர் வாதிட்டார்கள். வருகை நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 18 அன்று ஒரே படகில் 800-க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள். அதன் பிறகே ட்ரைட்டனின் நிதி மும்மடங்கானது.

இந்தக் கடலில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1996 டிசம்பர் 25 இரவு, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில், பெரிய கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாற்றப்பட்டவர்களில் 280-க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள். இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள். பிழைத்தவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. சிசிலியின் போர்ட்டோபாலோ மீனவர்களின் வலையில் உடல்கள் சிக்கின. சொன்னால் படகை நிறுத்திவைத்து விசாரிப்பார்கள், பிழைப்புக் கெடும் என்று உடல்களைக் கடலிலேயே திரும்பப் போட்டார்கள். 2001இல் ஒரு மீனவர் தன் வலையில் வந்த கால்சட்டையில் ஓர் அடையாள அட்டையைக் கண்டார். யாழ்ப்பாணப் பகுதியைச் சேர்ந்த இளைஞரின் அட்டை. அந்த அட்டையை அவர் பத்திரிகையாளரிடம் கொண்டுபோனார். ‘ரெபுப்ளிக்கா’ நாளிதழ் கடலுக்குள் கேமரா இறக்கி, 100 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் அந்தப் படகைக் கண்டுபிடித்தது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கண்டம் இல்லை என்று சாதித்த விபத்தை, ஒரு சிறிய அட்டை நிரூபித்தது.

விமானத்தில் வந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சம் கேட்கும் உரிமை ஐரோப்பிய மண்ணில் கால் வைத்தவருக்குத்தான். கால் வைக்க விசா வேண்டும். போரிலிருந்து ஓடுகிறவருக்கு விசா கிடைப்பது அரிது. விசா இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம் என்று 2001இல் ஒன்றியம் விதி செய்தது. அதனால் வாசல் காக்கும் வேலை டிக்கெட் கவுன்டரில் நிற்பவரிடம் போய்விட்டது. விமான டிக்கெட்டைவிடப் பல மடங்கு பணத்தைக் கடத்தல்காரனிடம் கொடுத்து ஒருவர் ஓட்டைப் படகில் ஏறுவது இதனால்தான். கடத்தல்காரர்களின் சந்தையை வளர்த்ததில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

சாவடிகள் திரும்பி வந்தன

2015இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல்வழியாக ஐரோப்பா வந்தார்கள். எட்டரை லட்சம் பேர் கிரேக்கத்தின் வழியாக. ஒன்றியத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஆயிரம் பேருக்கு இரண்டு பேர். அதே காலத்தில் சின்னஞ்சிறு லெபனான் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்களுக்கு இடம் கொடுத்திருந்தது.

பங்கிட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் 1,60,000 பேரை மற்ற நாடுகள் ஏற்பது என்று 2015 செப்டம்பரில் முடிவானது. உண்மையில் இடம் மாற்றப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்குப் போட்டுத் தோற்றன. போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் கடமை தவறின என்று ஒன்றிய நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதற்குள் அந்தத் திட்டமே காலாவதியாகிவிட்டது.

பங்கிட மறுத்ததன் விலையை உள்நடமாட்டம் கொடுத்தது. 2015 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆஸ்திரியா, டென்மார்க், ஸ்வீடன் தொடர்ந்தன. பிரான்ஸ் அந்த ஆண்டு நவம்பரில் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தொடங்கிய சோதனையை நீட்டித்துக்கொண்டே போனது. ஒரே அச்சுறுத்தலைக் காரணம் காட்டி ஆறு மாதத்துக்கு மேல் சோதனையைத் தொடர முடியாது என்று 2022 ஏப்ரலில் ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. நாடுகள் புதுக் காரணம் சொல்லித் தொடர்ந்தன. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்தது. கரையோர நாடுகளைக் கைவிட்ட வடக்கு நாடுகள், கடைசியில் தங்கள் தொழிலாளிகளைத்தான் வரிசையில் நிறுத்தின.

காவலின் நியாயமும் வரம்பும்

எல்லைக் காவலே வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. யார் உள்ளே வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சமுதாயத்துக்கு உரிமை உண்டு. 2021இல் பெலாரஸின் லுகஷென்கோ அரசு, மத்திய கிழக்கிலிருந்து மக்களை விமானத்தில் வரவழைத்துப் போலந்து எல்லைக் காட்டுக்குள் தள்ளியது. மனிதர்களையே ஆயுதமாக்கும் அரசுகள் இருக்கும்போது, காவல் இல்லாத எல்லை உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு அல்ல, வருகிறவர்களுக்கும் பாதுகாப்பு அல்ல. எல்லை கைமீறிப் போய்விட்டது என்ற அச்சம் பரவும் இடத்தில் வெறுப்பு அரசியல் ஓட்டு அறுவடை செய்கிறது.

ஆனால் காவலுக்கு வரம்பு உண்டு. 2009இல் இத்தாலியக் கப்பல்கள் கடலில் இருந்தவர்களை விசாரிக்காமல் லிபியாவிடம் ஒப்படைத்தன. அது சட்டவிரோதம் என்று 2012 பிப்ரவரியில் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுக்கடலிலும் உங்கள் கப்பலில் ஏறியவர் உங்கள் சட்டத்துக்குள் வந்தவர் என்பது அதன் சாரம். அடுத்து என்ன நடந்தது? 2017இல் இத்தாலி லிபியாவோடு உடன்பாடு செய்து, அவர்களே பிடித்துப் போகும்படி அவர்களின் கடலோரக் காவலுக்குப் பணமும் படகும் கொடுத்தது. லிபியாவில் குடிபெயர்ந்தோர் மீது மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்தன என்று ஐ.நா. விசாரணைக் குழு 2023இல் அறிவித்தது.

வார்சாவிலிருந்து இயங்கும் ஃப்ரன்டெக்ஸ் என்ற பொது எல்லைக்காவல் அமைப்பின் பட்ஜெட் 2005இல் சுமார் 60 லட்சம் யூரோ. 2023இல் 80 கோடிக்கும் மேல். 10,000 பேர் கொண்ட நிரந்தரப் படை உருவாகிவருகிறது. மக்களைக் கடலுக்குத் திருப்பித் தள்ளியதை அமைப்பு கண்டும் காணாமல் விட்டது என்ற குற்றச்சாட்டு விசாரணைக்குப் போய், 2022 ஏப்ரலில் அதன் இயக்குநர் பதவி விலகினார். ஐரோப்பிய நாடுகள் இருபது ஆண்டுகளில் காவலாளிகளைப் பொதுவாக்கின. வருகிறவரின் பொறுப்பைப் பொதுவாக்கவில்லை. பாதி மட்டும் பொதுவான எல்லை இப்படித்தான் கசியும்.

உக்ரைன் காட்டிய வழி

முடியாது என்றவர்களுக்கு 2022 பதில் சொன்னது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பத்து நாளுக்குள், மார்ச் 4 அன்று, தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை ஒன்றியம் நடைமுறைப்படுத்தியது. 2001இலேயே எழுதி, அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தாத சட்டம் அது. 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் கீழ் பாதுகாப்புப் பெற்றார்கள். 2015இல் வந்ததைப் போல நான்கு மடங்கு. தனித்தனி விசாரணை இல்லை. உடனே வேலை செய்யலாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம். முக்கியமாக, எந்த நாட்டில் தங்குவது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். உறவினர், நண்பர், வேலை இருக்கும் இடத்துக்கு அவரவரே போனார்கள். போலந்து ரயில் நிலையங்களில் முன்பின் தெரியாதவர்கள் அவர்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஐரோப்பா நொறுங்கிவிடவில்லை.

அவர்கள் அண்டை நாட்டவர், வெள்ளையர், விசா இல்லாமலே உள்ளே வரக்கூடியவர்கள். அதனால் எளிதாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. சிரியருக்கும் சூடானியருக்கும் கிடைக்காத கனிவு அவர்களுக்குக் கிடைத்தது. அந்த வேற்றுமை கண்டிக்கத்தக்கது. ஆனால் நிர்வாகப் பாடம் நிற்கிறது: வருகிறவரை ஒரே கரையில் கட்டிப்போடாமல், தனக்கு ஆதரவு இருக்கும் இடத்துக்குப் போகவிட்டால், சுமை தானே பரவும்.

புதிய உடன்படிக்கை

2024 மே 14 அன்று நிறைவேறிய குடிபெயர்வு, தஞ்ச உடன்படிக்கை, 2026 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வருமாறு எழுதப்பட்டது. பங்கீடு கட்டாயம் என்று முதன்முறையாக ஒரு நிரந்தரச் சட்டம் சொல்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 30,000 பேரை இடம் மாற்ற வேண்டும். ஏற்க மறுக்கும் நாடு ஆளுக்கு 20,000 யூரோ கொடுக்கலாம். இது முன்னேற்றம். ஆனாலும் ‘முதலில் இறங்கிய நாடே பொறுப்பு’ என்ற பழைய விதியின் முதுகெலும்பு அப்படியே இருக்கிறது. தஞ்சம் கிடைக்கும் விகிதம் 20 விழுக்காட்டுக்குக் குறைவான நாட்டவரை, குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் உட்பட, 12 வாரம் வரை எல்லையிலேயே வைத்து விசாரிக்கலாம் என்கிறது சட்டம். எல்லையில் நிறுத்திவைப்பது எங்கே போய் முடியும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: சுமார் 3,000 பேருக்குக் கட்டிய, கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவிலிருந்த மோரியா முகாமில் ஒரு கட்டத்தில் 20,000 பேர் வரை அடைந்து கிடந்தார்கள். 2020 செப்டம்பரில் அது எரிந்து சாம்பலானது. கரையோரத்தில் மறுபடி மோரியாக்கள் முளைக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, கடல் மீட்பை எல்லைக் காவலிலிருந்து பிரிக்க வேண்டும். மாரே நோஸ்ட்ரம் போன்ற பணிக்கு எல்லா நாடுகளும் பணம் தர வேண்டும். மூழ்குகிறவரிடம் பாஸ்போர்ட் கேட்கக் கூடாது.

இரண்டாவது, விசாரணை விரைவாகவும் வழக்கறிஞர் உதவியோடும் நடக்க வேண்டும். தஞ்சத்துக்கு உரியவர் மாதங்களில் வேலைக்குப் போக வேண்டும். நியாயமான விசாரணையிலும் மேல்முறையீட்டிலும் தோற்றவர் மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட வேண்டும். இந்த இரண்டாம் பாதியைச் சொல்லத் தயங்குகிறவர்கள் முதல் பாதிக்கு மக்கள் ஆதரவை இழந்துவிடுவார்கள்.

மூன்றாவது, அங்கீகாரம் பெற்ற அகதிக்கும் நடமாட்ட உரிமை வேண்டும். இன்று ஒரு நாடு தஞ்சம் மறுத்தால், அவர் வேறு நாட்டில் விண்ணப்பித்தாலும் முதல் நாட்டுக்கே திருப்பி அனுப்பலாம். மறுப்பு ஐரோப்பா முழுக்கச் செல்லும். ஒரு நாடு ஏற்றுக்கொண்டால், அந்த ஏற்பு அந்த நாட்டுக்குள் மட்டும் செல்லும். கிரேக்கம் அகதி என்று ஒப்புக்கொண்டவர் ஜெர்மனிக்குச் சுற்றிப் பார்க்க 90 நாள் போகலாம். குடியேறி வேலை செய்யும் வழி திறக்க ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். இதை மாற்றினால், எந்தக் கோட்டாவும் இல்லாமல் கரையோர நாடுகளின் பாரம் குறையும்.

நான்காவது, படகில்லாத வழிகள் வேண்டும். முகாம்களிலிருந்து நேரடி மீள்குடியேற்றம், மனிதாபிமான விசா, தொழிலாளர் விசா. இத்தாலியின் இன்றைய அரசே, எல்லைக் கடுமையைப் பேசிக்கொண்டே, 2023 முதல் 2025 வரையிலான மூன்றாண்டுகளுக்கு நாலரை லட்சம் வேலை அனுமதிகளை அறிவித்தது. வயலில் தக்காளி பறிக்கவும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேவை என்பதை அந்த அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் அந்த மனிதர்களை முன்வாசல் வழியாக வரவிடுங்கள்.

நண்பர்களே, எல்லை காக்கும் அரசும் அகதிக்கு இடம் தரும் அரசும் ஒன்றாகவே இருக்க முடியும். யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று ஒளிக்காமல் பேசி, எழுதி, கையெழுத்திட்டு, அதை நிறைவேற்றுவதில்தான் அது முடியும். ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தின் 80ஆம் பிரிவு, குடிபெயர்வுக் கொள்கை முழுவதும் தோழமையாலும் நியாயமான பொறுப்புப் பங்கீட்டாலும் வழிநடத்தப்பட வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கிறது. புதிய தத்துவம் எதையும் ஐரோப்பா தேட வேண்டியதில்லை. தான் எழுதிய சட்டத்தைத் தானே மதித்தால் போதும். அதை அவர்கள் செய்ய வேண்டும் என்று கேட்கும் உரிமை, போர்ட்டோபாலோ கடலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நமக்கும் உண்டு. கேட்போம்.